வரைபடத்தின் இடது ஓரம்

எல்.என்.ஜி. (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) எரிக்கும் கப்பலின் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கறுப்புப் புகை இல்லை, கந்தக நெடி இல்லை, மேல்தளத்தில் கரி படிவதில்லை. ஃபர்னஸ் ஆயிலோடு மல்லுக்கட்டிப் பழகிய இன்ஜின் ரூம் ஆட்களுக்கு இது வேறு உலகம். பியூரிஃபையரில் சேறு வழிக்கும் வேலை குறைகிறது. லூப் ஆயில் சீக்கிரத்தில் கறுப்பதில்லை. பிஸ்டனைக் கழற்றினால் கிரவுன் மேல் சுரண்டுவதற்குப் பெரிதாக எதுவும் இருப்பதில்லை.

அந்தத் தெளிந்த புகையோடு, எல்.என்.ஜி.யின் பெரும்பகுதியும் பூமியைச் சூடாக்கும் வாயுவுமான மீத்தேன் கொஞ்சம் எரியாமல் சேர்ந்து போகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டு சிலிண்டர் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். அந்த வாடை நமக்காகவே சேர்க்கப்படுவது. கப்பலுக்கு வரும் எல்.என்.ஜி.யில் அது கிடையாது. இன்ஜின் ரூமுக்குள் ஒரு குழாய் கசிந்து, காற்றில் மீத்தேன் 1 சதவீதத்தைத் தொட்டாலே டிடெக்டர் அலறும். புகைபோக்கி வழியாகப் போவது ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் நீர்த்துப் போயிருப்பதால் கையடக்க மீட்டரை நீட்டினால்கூட அது வாய் திறக்காது. ஆனால் இன்ஜின் ராத்திரி பகலாக ஓடுகிறதே. ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்ந்து சேர்ந்து டன்னாகிவிடும்.

இந்தத் தப்பிப் போகும் மீத்தேனைத் துறையில் மீத்தேன் ஸ்லிப் என்கிறார்கள். நான் இதைப் பற்றிப் படித்தவற்றில் பெரும்பகுதி இன்ஜின் தயாரிக்கும் கம்பெனிகளே வெளியிட்டது. மூன்றாண்டுக்கு ஒரு முறை நடந்துவந்த சிமாக் என்ற இன்ஜின் துறை மாநாட்டின் கட்டுரைகள் (2016-ல் ஹெல்சின்கி, 2019-ல் வான்கூவர், 2023-ல் பூசான்), கம்பெனிகளின் தொழில்நுட்ப இதழ்கள், செய்திக் குறிப்புகள். கப்பலில் வாட்ச் முடிந்த பிறகு படுத்துக்கொண்டு படிக்க இதைவிட நல்ல விஷயம் எனக்குக் கிடைத்ததில்லை. "கம்பெனிக்காரன் எழுதினதைக் கம்பெனிக்காரன் படிச்சாப் போதாதா சார்?" என்று கேடட் பையன்கள் கிண்டல் செய்வார்கள். நியாயமான கிண்டல்தான். விற்பவன் எழுதும் ஆராய்ச்சி அது. ஆனால் அந்த இன்ஜினுக்குள் சென்சார் வைத்து, பிஸ்டனை வேறு வடிவில் வார்த்து, மாதக்கணக்கில் ஓட்டிப் பார்க்கும் வசதியும் அவனிடம்தான் இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகம் 10 மெகாவாட் இன்ஜினை வாங்கி வைத்து விளையாட முடியாது.

வார்ட்சிலாவை எடுத்துக்கொள்கிறேன். பின்லாந்துக் கம்பெனி. 1834-ல் கரேலியாவில் தோஹ்மயார்வி என்ற ஊரில் மர அறுவை ஆலையாகத் தொடங்கியது. பிறகு இரும்பாலை, பிறகு கப்பல் கட்டும் தளங்கள். 1938-ல் ஜெர்மனியின் குருப் நிறுவனத்திடம் டீசல் இன்ஜின் செய்ய உரிமம் வாங்கினார்கள். முதல் இன்ஜின் போர் நடந்துகொண்டிருந்த 1942-ல் துர்க்கு நகரில் ஓடியது. பிறகு வாசா நகரம் இன்ஜின் ஊரானது. எழுபதுகளின் இறுதியில் வந்த வாசா 32 இன்ஜினை அறியாத மரைன் இன்ஜினியர் என் தலைமுறையில் இருக்கமாட்டார். இன்று அந்தக் கம்பெனிக்கு இரண்டு பெரிய கை: ஒன்று கடல், மற்றது மின்சாரம். கப்பலின் வயிற்றில் ஓடும் அதே இன்ஜின் குடும்பம்தான் கரையில் ஒரு கொட்டகைக்குள் வரிசையாக நின்று ஊருக்கு மின்சாரம் தருகிறது. அதனால் ஒரு பக்கம் கண்டுபிடித்தது மறுபக்கத்துக்கும் பயன்படுகிறது. 2022-ல் வாசாவில் புதிதாக ஒரு பெரிய ஆராய்ச்சி, உற்பத்தி வளாகத்தையும் திறந்திருக்கிறார்கள்.

டீசலிலும் ஓடும், கேஸிலும் ஓடும் டுயல் ஃப்யூயல் இன்ஜினை இவர்கள் தொண்ணூறுகளில் உருவாக்கினார்கள். கடலில் அது கால் ஊன்றியது அடுத்த பத்தாண்டில். 2003-ல் வைகிங் எனர்ஜி என்ற நார்வே சப்ளை கப்பல். 2006-ல் காஸ் டி ஃபிரான்ஸ் எனர்ஜி என்ற கேஸ் டேங்கர். அதுவரை எல்.என்.ஜி. டேங்கர்கள் நீராவி டர்பைனில்தான் ஓடின. தொட்டியில் ஆவியாகும் கேஸை பாய்லரில் கொளுத்தி, நீராவி எடுத்து, புரொப்பெல்லரைச் சுற்றினால் எரிபொருளின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூடக் கைக்கு வராது. அதே கேஸை இன்ஜினுக்குள்ளேயே எரித்தால் கணக்கு எவ்வளவோ மேல். நீராவி இன்ஜினியர்களின் வேலைக்கு உலை வைத்தது அந்த 50டிஎஃப் இன்ஜின்தான். சிலிண்டரின் விட்டம் அரை மீட்டர்.

அது வேலை செய்யும் விதத்தில்தான் பிரச்சினையின் விதையும் இருக்கிறது. காற்று உள்ளே வரும் வழியிலேயே ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாக மின்சாரத்தில் திறந்து மூடும் ஒரு சோலினாய்டு வால்வு கேஸைக் கலந்துவிடுகிறது. கலவை முழுதாகச் சேர்ந்து அமுங்குகிறது. பற்றவைக்க ஒரு துளி டீசல். மொத்த சக்தியில் 1 சதவீதம் அளவுக்குத்தான். எரியத் தேவையானதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் காற்று. இப்படி மெலிந்த கலவை குளிர்ச்சியாக எரிவதால் நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு மாசு) மிகக் குறைவு. 500 ஆர்.பி.எம். இன்ஜினுக்குக் கப்பல் நாக்ஸுக்கான டியர் 3 விதி அனுமதிப்பது கிலோவாட் மணிக்கு 2.6 கிராம். டீசலில் ஓடினால் இதை எட்ட யூரியா தெளிக்கும் எஸ்.சி.ஆர். என்ற புகை சுத்திகரிப்புக் கருவி வைக்க வேண்டும். கேஸில் ஓடினால் ஒன்றும் வேண்டாம், தானாக உள்ளே அடங்கிவிடும். விற்பனைக்காரர்களுக்கு இது சர்க்கரைப் பொங்கல்.

ஆனால் அந்த மெலிந்த கலவைக்கு வாழ இடம் கொஞ்சம்தான். கேஸ் கொஞ்சம் கூடினால் நாக்கிங். இன்ஜின் சுத்தியலால் அடிப்பது போல அதிரும். காற்று கொஞ்சம் கூடினால் மிஸ்ஃபையர், அதாவது தீ பிடிக்காமல் போவது. கம்பெனிகளின் கட்டுரைகளில் இதை ஒரு படமாகப் போடுவார்கள். ஒரு பக்கம் நாக்கிங் எல்லை, மறுபக்கம் மிஸ்ஃபையர் எல்லை, நடுவில் ஒடுங்கிய ஒரு சந்து. லோடு (இன்ஜின் சுமக்கும் சுமை, முழு சக்தியில் எத்தனை சதவீதம் என்று சொல்வோம்) ஏற ஏற அந்தச் சந்து இன்னும் குறுகும். இன்ஜினின் கன்ட்ரோல் சிஸ்டம் ஒவ்வொரு சிலிண்டரையும் அந்தச் சந்துக்குள்ளேயே பிடித்து நடத்துகிறது.

சரி, எரியாத மீத்தேன் எங்கிருந்து தப்புகிறது? இதற்குத்தான் நான் அந்தக் கட்டுரைகளுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

பிஸ்டனின் மேல் விளிம்புக்கும் முதல் ரிங்குக்கும் நடுவில் ஒரு பட்டை இருக்கிறது. டாப் லேண்ட் என்போம். அதற்கும் சிலிண்டரின் உட்சுவரான லைனருக்கும் இடையில் ஒரு மெல்லிய வளைய இடுக்கு. ஓவர்ஹாலின்போது நாங்கள் அளந்து எழுதிவிட்டு மறந்துவிடும் இடுக்கு. அமுக்கம் ஏறும்போது கேஸும் காற்றும் அதற்குள் திணிக்கப்படுகின்றன. இடுக்கின் கொள்ளளவு சொற்பம்தான். ஆனால் சுவர் குளிர்ச்சியாக இருப்பதால் உள்ளே போகும் கலவை அடர்ந்துபோகிறது. அளவைப் பார்த்து நினைப்பதைவிட எடை அதிகம். தீ அங்கே நுழைய முடியாது. சுவர் வெப்பத்தை உறிஞ்சிவிடும். 1815-ல் ஹம்ஃப்ரி டேவி சுரங்க விளக்குக்குக் கம்பி வலை போட்டாரே, அதே சூத்திரம்தான். அங்கே உயிரைக் காத்தது இங்கே கேஸைக் காக்கிறது. பிஸ்டன் இறங்கும்போது அமுக்கம் குறைந்து, இடுக்கில் இருந்த கேஸ் மெல்ல வெளியே வரும். அதற்குள் தீ முடிந்திருக்கும். மிச்சச் சூட்டில் கொஞ்சம் எரியும், மீதி எக்ஸாஸ்டோடு போகும். லைனரின் உச்சியில் இருக்கும் ஆன்டி-பாலிஷிங் ரிங்கின் பின்புறம், சிலிண்டர் ஹெட் வந்து அமரும் இடம், வால்வு சீட்டைச் சுற்றிய பள்ளம் என்று ஒவ்வொன்றிலும் இதே கதைதான்.

ஆன்டி-பாலிஷிங் ரிங் டீசல் காலத்து ஆராய்ச்சியில் வந்த அருமையான சங்கதி. பிஸ்டன் உச்சியில் படியும் கரியை அது ஒவ்வொரு சுற்றிலும் சீவிவிடும்; லைனர் வழவழப்பாகித் தேயாது. ஃபர்னஸ் ஆயிலுக்காகச் சேர்த்த அந்த வளையம் கேஸ் காலத்தில் மீத்தேன் ஒளியும் மூலையாகவும் ஆகிவிட்டது. புது டிசைன்களில் இத்தகைய இடுக்குகளை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடைத்திருக்கிறார்கள். சிலிண்டருக்குள் ஒரு கரண்டி அளவு வெற்றிடத்துக்காக வருடக்கணக்கில் உழைப்பு. இதையெல்லாம் விளம்பரத்தில் எழுத முடியாது.

இரண்டாவது வழி வால்வுகள். டீசல் இன்ஜினில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும் கொஞ்ச நேரம் சேர்ந்து திறந்திருக்கும். புதுக் காற்று உள்ளே வந்து பழைய புகையைத் தள்ளிக்கொண்டு போகும். வெறும் காற்று என்றால் நஷ்டமில்லை. கேஸ் கலந்த காற்று அப்படிப் போனால், வாங்கிய எரிபொருள் நேராகப் புகைபோக்கிக்குத்தான். ஆகவே எக்ஸாஸ்ட் மூடிய பிறகே கேஸ் வால்வு திறக்க வேண்டும். காற்று நுழையும் போர்ட்டுக்குள் தங்கிய மிச்சம் அடுத்த சுற்றில் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் ஆக மோசமானது. லோடு குறையும்போது கேஸ் குறைகிறது, காற்று அதே விகிதத்தில் குறைவதில்லை. கலவை இன்னும் மெலிகிறது. தீ நடுவில் கிளம்பி, சுவரை எட்டுவதற்கு முன்பே சோர்ந்து அணைந்துவிடுகிறது. இப்போது தப்புவது இடுக்கில் இருந்தது மட்டுமல்ல, சிலிண்டரின் ஓரம் முழுக்க. காற்றைத் திருப்பிவிடலாம்; சில சிலிண்டர்களுக்குக் கேஸை நிறுத்திவிட்டு மற்றவற்றைக் கொஞ்சம் கனமான கலவையில் ஓட்டலாம். எல்லாமே செய்கிறார்கள். ஆனால் கலவையைக் கனமாக்கினால் நாக்ஸ் ஏறும். ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும்.

இந்த மூன்றாவது விஷயம் எனக்கு உறைத்தது என் பழைய சீஃப் இன்ஜினியர் மூலமாக. நாகப்பட்டினம் பக்கத்துக்காரர். அதிகம் படிக்காதவர் போலக் காட்டிக்கொள்வார், எல்லாம் படித்திருப்பார். ஏதோ ஒரு கட்டுரையில் இருந்த மீத்தேன் வளைகோட்டை லேப்டாப்பில் அவரிடம் காட்டினேன். கோடு அழகாகத் தாழ்ந்து படுத்திருந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையின் இடது பக்கம் விரலை வைத்தார்.

"தம்பி, இந்தக் கோட்டை ஏன் அம்பதுலேயே நிறுத்திட்டான்?"

"லோடு அதுக்குக் கீழ போகாதுன்னு நெனச்சிருப்பாங்க சார்."

"நம்ம ஜெனரேட்டர் இப்ப எத்தனைல ஓடுது?"

28 சதவீத லோடில் ஓடிக்கொண்டிருந்தது. நங்கூரத்தில் கிடந்தோம்.

அன்றிலிருந்து எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் முதலில் வரைபடத்தின் இடது ஓரத்தைப் பார்க்கிறேன். கிடைமட்டக் கோடு எங்கே தொடங்குகிறது? 10-லா, 25-லா, 50-லா? செங்குத்துக் கோட்டில் எண் இருக்கிறதா, அல்லது 'ஒப்பீட்டு அளவு' என்று போட்டு 100-ல் ஆரம்பித்திருக்கிறார்களா? கம்பெனிக் கட்டுரைகளில் இந்த இரண்டாவது வித்தை சகஜம். பழையதைவிடப் புதியது எவ்வளவு நல்லது என்று தெரியும்; பழையது எவ்வளவு மோசம் என்று கடைசிவரை தெரியாது.

இதில் யாரும் பொய் சொல்வதாக அர்த்தமில்லை. விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. நிலையான வேகத்தில் ஓடும் மெயின் இன்ஜினுக்கு இ2 என்றொரு சோதனைச் சுழற்சி. 100 சதவீத லோடுக்கு 0.2, 75-க்கு 0.5, 50-க்கு 0.15, 25-க்கு 0.15 என்று எடை. பார்த்தால் 25-க்கும் ஏதோ மரியாதை கொடுத்த மாதிரி இருக்கும். ஆனால் கிராமையும் கிலோவாட்டையும் தனித்தனியாகக் கூட்டி வகுப்பதால், குறைந்த லோடில் கிலோவாட்டும் குறைவு, அதன் குரலும் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 சதவீத லோடில் கிலோவாட் மணிக்கு எத்தனை கிராம் தப்பினாலும் இறுதி எண்ணில் அதற்கு நூற்றுக்கு ஐந்தரை பங்குதான் செல்வாக்கு. துணை ஜெனரேட்டருக்கான டி2 சுழற்சியில் அது 16 அளவுக்கு ஏறுகிறது. இந்த எடைகள் நாக்ஸுக்காக வகுக்கப்பட்டவை. நாக்ஸ் பெரும்பாலும் நன்றாக எரியும்போது பிறக்கும் பிள்ளை. மீத்தேன் ஸ்லிப் சரியாக எரியாதபோது பிறப்பது. ஒன்றுக்குத் தைத்த சட்டையை மற்றதற்கு மாட்டிவிட்டார்கள்.

எண்கள் எவ்வளவு முக்கியம் என்று தெரிய ஒரு சின்னக் கணக்கு. 1 டன் எல்.என்.ஜி. முழுதாக எரிந்தால் 2.75 டன் கார்பன் டை ஆக்சைடு. ஒரே அளவு சக்திக்கு டீசலோடு ஒப்பிட்டால் கால்வாசி குறைவு. எல்.என்.ஜி. விற்பவர்கள் சொல்லும் 25 சதவீதம் இங்கிருந்துதான் வருகிறது. இப்போது 3.1 சதவீதம் எரியாமல் தப்பியதாக வைத்துக்கொள்ளுங்கள். பூமியைச் சூடாக்குவதில், நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறக்குறைய 28 மடங்கு. அந்த 31 கிலோ கிட்டத்தட்ட 870 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 25 சதவீத லாபம் 4 சதவீதமாகச் சுருங்கிவிடும். இருபதாண்டுக் கணக்கில் மீத்தேன் 80 மடங்குக்கு மேல். அப்படிப் பார்த்தால் டீசலே தேவலை. ஸ்லிப் 1.5 சதவீதமாக இருந்தால், நூறாண்டுக் கணக்கில் லாபம் 15 சதவீதத்தில் நிற்கும். அந்த ஒன்றரை சதவீத வித்தியாசம்தான் இந்த ஆராய்ச்சி மொத்தமும். கிணற்றிலிருந்து கப்பல்வரை வரும் வழியில் கசிவதை நான் இதில் சேர்க்கவே இல்லை.

3.1 என்பது நானாகப் போட்ட எண் அல்ல. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஃப்யூயல்ஈயூ என்ற கப்பல் எரிபொருள் விதியில், இந்த வகை நான்கு-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்ன எண் அது. தாழ்வழுத்தக் கேஸில் ஓடும் இரண்டு-ஸ்ட்ரோக்குக்கு 1.7, கேஸை உயர் அழுத்தத்தில் கடைசி நொடியில் பீய்ச்சி டீசல் போலவே எரிக்கும் இரண்டு-ஸ்ட்ரோக்குக்கு வெறும் 0.2. அதில் கேஸ் முன்கூட்டியே கலப்பதில்லை, ஆகவே இடுக்கில் ஒளிய நேரமே கிடையாது. ஆனால் நாக்ஸுக்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

2024 ஜனவரியில் ஐ.சி.சி.டி. என்ற ஆய்வு அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. ட்ரோனையும் ஹெலிகாப்டரையும் கப்பல்களின் புகைக்குள் அனுப்பி, கடலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்திருக்கிறார்கள். நான்கு-ஸ்ட்ரோக் டுயல் ஃப்யூயல் கப்பல்களில் சராசரி ஸ்லிப் 6.4 சதவீதம். விதி எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இரு மடங்கு. கம்பெனிகள் தரப்பு இதை ஏற்காமல் முகம் சுளித்தது எனக்குப் புரிகிறது. புகை அளவீட்டில் சந்தேகம் எழுப்ப இடம் உண்டு. அளக்கப்பட்ட கப்பல்கள் பல குறைந்த லோடில் ஓடியவை. ஆனால் அந்த இரண்டாவது மறுப்பைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கப்பல் அப்படித்தானே ஓடுகிறது! என் சீஃப் விரல் வைத்த அதே இடம்.

வார்ட்சிலாவுக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் டெஸ்ட் பெட்டிலேயே (தொழிற்சாலைச் சோதனை மேடை) நின்றுவிடவில்லை. வாசாவுக்கும் ஸ்வீடனின் ஊமியோவுக்கும் இடையே அரோரா போட்னியா என்ற பயணிகள் கப்பல் ஓடுகிறது. 2021 ஆகஸ்டில் சேவைக்கு வந்தது. அதை ஓட்டும் கம்பெனி அந்த இரண்டு ஊர்களின் நகராட்சிகளுக்கே சொந்தம். நான்கு 31டிஎஃப் இன்ஜின்கள். 31 குடும்பம் 2015-ல் அறிமுகமானபோது உலகின் மிகத் திறன் வாய்ந்த நான்கு-ஸ்ட்ரோக் டீசல் என்று கின்னஸ் சான்றிதழ் வாங்கியது. கிலோவாட் மணிக்கு 165 கிராம் டீசல், அதாவது எரிபொருளின் சக்தியில் பாதிக்குச் சற்று மேல் ஷாஃப்டில் வருகிறது. புதிய எரிப்பு முறையை முதலில் இந்தக் கப்பலின் ஓர் இன்ஜினில் மட்டும் போட்டு, பயணிகளோடும் கார்களோடும் குளிர்காலப் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போகும் வழக்கமான ஓட்டத்தில் சோதித்தார்கள். பக்கத்திலேயே பழைய முறையில் ஓடும் அதே மாதிரி இன்ஜின் இருப்பதால் ஒப்பிட இதைவிட வசதி கிடையாது.

அதன் விளைவாக 2023-ல் ஒரு செய்திக் குறிப்பு வந்தது. 50 சதவீத லோடில் மீத்தேன் 56 சதவீதம்வரை குறையும். எடையிட்ட சராசரியில் பார்த்தால் 41 சதவீதம் குறையும் என்றார்கள். நாக்ஸ் 86 சதவீதம்வரை குறையுமாம். இரண்டு எண்ணையும் சேர்த்தே சொன்னார்கள், பாராட்ட வேண்டும். வாணிபப் பத்திரிகைகள் எதை எடுத்துத் தலைப்பில் போட்டிருக்கும் என்று ஊகிக்க ஜோசியம் தெரிய வேண்டியதில்லை. எனக்கு அந்த 56-ஐவிட அது எந்த லோடில் என்பதுதான் சுவாரசியம். 75-ல் இல்லை, 50-ல். சோதனைச் சுழற்சிக்காக மட்டும் செதுக்கியிருந்தால் 75-ல்தான் அதிகம் குறைத்திருப்பார்கள். இடது பக்கம் நகர்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

டெஸ்ட் பெட் எண்களை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு கதை, அதையும் தொட்டுவிட்டுப் போகிறேன். 2011-ல் ஜெர்மனியின் மான் நிறுவனம், தன் நான்கு-ஸ்ட்ரோக் இன்ஜின்களின் எரிபொருள் செலவு எண்கள் தொழிற்சாலைச் சோதனையில் திருத்தப்பட்டிருந்ததாகத் தானே அறிவித்தது. 2024 ஏப்ரலில் ஜப்பானின் ஐ.எச்.ஐ. குழுமம், துணை நிறுவனம் ஒன்றில் 4,361 இன்ஜின்களின் சோதனைத் தரவுகள் திரிக்கப்பட்டதைச் சொன்னது. அதே ஆண்டில் ஹிட்டாச்சி சோசென்னும் கவாசாகியும் இதே போன்ற அறிவிப்போடு வந்தன. வாங்குபவர் கேட்ட அளவுக்கும் இன்ஜின் காட்டிய அளவுக்கும் இருந்த சின்ன இடைவெளியை எழுத்தில் நிரப்பியிருக்கிறார்கள். அந்தத் தலைமுறைகளில் கடலுக்குப் போன எங்களுக்கு இதில் ஒரு விஷயம் விளங்கியது. டெஸ்ட் பெட் காகிதத்தை வைத்து, 'இன்ஜின் எண்ணெய் அதிகம் குடிக்கிறது, நீங்கள் பராமரிப்பது சரியில்லை' என்று ஆபீஸிலிருந்து வந்த மெயில்களில் எத்தனையோ இப்போது வேறு மாதிரி படிக்கப்பட வேண்டியவை. இந்தக் கம்பெனிகளில் சில நல்ல தொழில்நுட்ப இதழ்களும் வெளியிடுகின்றன. தொடர்ந்து படிக்கத்தான் செய்கிறேன். ஆராய்ச்சிப் பிரிவும் டெலிவரி தேதிக்கு ஓடும் சோதனைக் கொட்டகையும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் வேறு வேறு மனிதர்கள்.

அடுத்து வருவது அம்மோனியா. 2023 நவம்பரில் வார்ட்சிலா தன் 25 ரக இன்ஜினை அம்மோனியாவில் ஓடும் வடிவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2003-லிருந்தே எல்.என்.ஜி.யில் ஓடும் அதே வைகிங் எனர்ஜியைத்தான் இதற்கும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அம்மோனியாவில் கார்பனே இல்லை, ஆகவே கார்பன் டை ஆக்சைடு பிரச்சினை பற்றவைக்கும் பைலட் டீசலோடு முடிந்தது. ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு என்று ஒன்று இருக்கிறது. மீத்தேனுக்கு 28 என்றால் இதற்கு 270 மடங்குக்கு மேல். அதுவும் தீ குளிர்ந்து தள்ளாடும் இடங்களில்தான் அதிகம் பிறக்கிறது. சுவர் ஓரம், இடுக்கு, குறைந்த லோடு. பழைய முகவரிகளேதான். ஆராய்ச்சியாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை; மீத்தேனை விரட்டி விரட்டி அந்த மூலைகளையெல்லாம் ஏற்கெனவே அளந்து வைத்திருக்கிறார்கள். கேஸ் இன்ஜினில் செலவழித்த அந்த ஆண்டுகள் அம்மோனியாவுக்கு முதலீடாகிவிட்டன என்பதுதான் என் கணிப்பு.

இதற்கிடையில் கப்பலில் இருக்கும் நாங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்கு ஆராய்ச்சி வேண்டாம். இரண்டு ஜெனரேட்டரை 35-ல் ஓட்டாமல் ஒன்றை 70-ல் ஓட்டினால் மீத்தேன் கணிசமாகக் குறையும், கேஸும் மிச்சம். ஆழ்கடலில் அப்படியே செய்கிறோம். பேட்டரி வைத்த கப்பல்களில் இது இன்னும் எளிது. திடீர் லோடைப் பேட்டரி தாங்கிக்கொள்ளும், சும்மா ஓடும் இன்ஜினை நிறுத்திவிடலாம். எங்களிடம் பேட்டரி இல்லை. துறைமுகத்துக்கு வழிகாட்டும் பைலட் ஏறும் நேரம் வந்துவிட்டால், கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜிலிருந்து போன் வரும், இன்னொன்றைப் போடச் சொல்வார்கள். போட்டுத்தான் ஆக வேண்டும். 2024 மார்ச்சில் பால்டிமோரில் டாலி கப்பல் மின்சாரம் போய் பாலத்தில் மோதிய பிறகு இதில் வாதாட எந்த கேப்டனிடமும் எந்த சீஃபுக்கும் வாய் வராது. துறைமுக வாய்க்காலுக்குள் போய்க் கப்பலைக் கட்டி முடிக்கும்வரை இரண்டும் கால்வாசி லோடில் ஓடும், ஃப்யூயல்ஈயூ கணக்கில் அந்த நேரமும் 3.1 என்றே பதிவாகும். அளந்து சான்று பெற்ற சொந்த எண்ணைக் காட்ட விதி வழி விட்டிருக்கிறது. அந்தச் சான்றிதழின் எண்ணையும் அதே எடையிட்ட சுழற்சியில்தான் எடுப்பார்கள்.